அழைக்கும் குரலும் நமது மறுமொழியும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் எங்கள் வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இங்கே இந்து, முஸ்லிம், பௌத்த சகோதரிகளும் அமர்ந்திருக்கிறீர்கள். காலைக் கூட்டத்தில் எங்களோடு ஒரே வரிசையில் நின்றவர்கள் நீங்கள். நாங்கள் எங்கள் விசுவாசத்தின் மொழியில் பேசப்போகிறோம். ஆனாலும் பேசப்படும் விடயம் உங்களுக்கும் அந்நியமாக இராது என்று நம்புகிறோம்.

தேவ அழைப்பை எப்படி அறிவது, அதற்கு எப்படி மறுமொழி சொல்வது என்பதே எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பு வந்தபோது எங்களுக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது. எங்கள் வகுப்பில் போதகர் இல்லை, மிஷனரி இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. "எங்களுக்கு என்ன தகுதி இருக்கு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். பிறகு ஒரு சம்பவம் நடந்தது. அதனால்தான் பேசச் சம்மதித்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இந்த நூற்றாண்டு மலருக்காக ஒவ்வொரு வகுப்பிலும் சுயவிபரம் சேர்த்தார்கள் அல்லவா? எங்கள் வகுப்புக்கும் ஒரு படிவம் வந்தது. படித்த பட்டம், பார்த்த உத்தியோகம், பெற்ற விருதுகள், இப்போது வாழும் நாடு என்று பத்திகள் இருந்தன. 83 யூலைக்குப் பிறகு எங்கள் வகுப்பு இலண்டன், ரொறன்ரோ, சிட்னி, சென்னை என்று சிதறிப்போன வகுப்பு. எல்லா ஊரிலிருந்தும் படிவங்கள் வந்து சேர்ந்தன. தெமட்டகொடையிலேயே, பாடசாலைக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒரு தோழியுடைய படிவம் மட்டும் வரவில்லை. கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டு, "எழுத என்னட்ட என்ன இருக்கு? நான் ஒண்டும் செய்யேல்லையே. கர்த்தர் கூப்பிட்டதுக்கே நான் போகேல்ல" என்றாள்.

அந்தக் கடைசி வசனம் எங்களைத் தூங்கவிடவில்லை. அவளுடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், அவளுடைய கதையைச் சொல்கிறோம்.

வகுப்பில் வேதபாடத்தில் முதலாவதாக வருபவள் அவள்தான். தாதியாக வேண்டும், பிறகு எங்காவது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. பன்னிரண்டு வயதில் ஒரு ஞாயிறு பாடசாலை முகாமில் அந்த அழைப்பைத் தெளிவாக உணர்ந்ததாகச் சொல்வாள். சோதனையும் பாஸ் பண்ணினாள். அந்த வருடமே தகப்பனாருக்குப் பாரிசவாதம் வந்தது. பிறகு தாயார் விழுந்தார். அண்ணன்மார் வெளிநாடு போனார்கள். பணம் அனுப்பினார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கப் பணத்தால் முடியாது. முப்பது வருடத்துக்கும் மேலாக அவள் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. இப்போது தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. "அழைப்பைத் தவறவிட்டவளா நான்?"

சகோதரிகளே, இது அவள் ஒருத்தியுடைய கேள்வி அல்ல. இந்த மண்டபத்தில் பலருடைய மனதில் இருக்கிற கேள்வி. அதற்கு விடை தேடிச் சில பெண்களுடைய வாழ்க்கையை நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

நம் பாடசாலைக் காலத்தில் மருதானையிலிருந்து வரும் புகையிரதச் சத்தம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முதலாம் தவணையில் புதிதாக வந்த பிள்ளைகள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். ரீச்சர் வெண்கட்டியைக் கையில் பிடித்தபடி சத்தம் அடங்கும்வரை நிற்பார். இரண்டாம் தவணையில் நமக்கு அந்தச் சத்தமே கேட்பதில்லை. காது பழகிவிட்டது. அந்தத் தண்டவாளத்தில்தான் யாழ்தேவியும் போகும். அதில் ஏறிச் சுன்னாகத்தில் இறங்கினால் உடுவில் பக்கம். அங்கே இருக்கிற உடுவில் மகளிர் கல்லூரியை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் 1824இல் விடுதிப் பாடசாலையாகத் தொடங்கினார். பெண் பிள்ளைக்கு எழுத்தெதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. நம்மைப் போன்ற பாடசாலைகளுக்கெல்லாம் அது மூத்த அக்கா.

அந்தப் பாடசாலையை 1842 தொடக்கம் 1879 வரை நடத்தியவர் எலைசா அக்னியூ அம்மையார். 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், புவியியல் பாடத்தில், ஆசிரியை வரைபடத்தில் இலங்கைத் தீவைக் காட்டிப் பேசியபோது, தான் பெரியவளானதும் அங்கே போய் ஊழியம் செய்யவேண்டும் என்று அந்தப் பிள்ளை தீர்மானித்ததாம். இந்தப் பகுதியை எல்லோரும் சொல்வார்கள், பிரசங்கத்திலும் கேட்டிருப்போம். ஆனால் அடுத்த பகுதியை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். அவர் இலங்கைக்கு வந்தது 1840இல். அப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இடையில் ஏறக்குறைய 25 வருடங்கள். அந்த வருடங்களில் அவர் என்ன செய்தார்? வீட்டில் தன்னை நம்பியிருந்த நெருங்கிய உறவுகளைப் பார்த்தார். அவர்கள் காலமான பிறகுதான் கப்பல் ஏறினார்.

அந்த 25 வருடங்களும் அழைப்பை மறுத்த வருடங்களா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பின்னர் உடுவிலில் தாயும் மகளும் பேத்தியும் ஒருவர் பின் ஒருவராக வந்து படிக்கும் அளவுக்கு அவர் நின்று நிலைத்தார். ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல் 1883இல் இந்த மண்ணிலேயே கண்மூடினார். "ஆயிரம் பெண் மக்களின் தாய்" என்று அவரை அழைக்கிறார்கள். அந்தப் பொறுமையை அவர் எங்கே படித்தார்? யாருக்கும் தெரியாத அந்த வீட்டில்தான் படித்திருப்பார் என்று நாங்கள் நம்புகிறோம். விதை மண்ணுக்குள் இருக்கும் காலத்தை விவசாயி வீணான காலம் என்று சொல்வதில்லை.

அடுத்தவர் நம்மில் பலருக்குத் தெரிந்தவர். நம் வீடுகளில் யாருக்காவது பெரிய வருத்தம் வந்தால், "வேலூருக்குக் கொண்டுபோவம்" என்று சொல்வார்கள் அல்லவா? அந்த வேலூர் ஆஸ்பத்திரியை உருவாக்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜோன் ஸ்கடர் முதலில் வந்து வைத்தியம் செய்தது நம் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். 1870இல் பிறந்த பேத்திக்கோ மிஷனரி வாழ்க்கையில் விருப்பமே இருக்கவில்லை. அமெரிக்காவில் படிப்பு முடித்தவர், தாயார் சுகமில்லாமல் இருக்கிறார் என்று தமிழ்நாட்டுத் திண்டிவனத்துக்கு வந்தார். தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற எண்ணம்.

ஒரு இரவு கதவு தட்டப்பட்டது. பிராமணர் ஒருவர் நின்றார். மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், வாருங்கள் என்றார். தான் மருத்துவர் அல்ல, தகப்பனார்தான் மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் வேண்டாம் என்று அவர் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுதல், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். மறுபடியும் அதே. விடிந்தபோது சாவுப் பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வேலூருக்குத் திரும்பினார். ஒரேயொரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1909இல் தாதியர் பயிற்சியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையும் ஆரம்பமாகின. 1960இல் அவர் காலமானார். இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அழைப்பு வானத்திலிருந்து ஒலியாக வரவில்லை. பக்கத்து வீட்டு ஆபத்தாக, கதவில் தட்டுகிற கையாக வந்தது. இரண்டு, அது வந்தபோது அவர் எங்கே இருந்தார்? தாயின் கட்டிலருகே. மகளுடைய கடமை அவரை அழைப்பிலிருந்து தூரமாக்கவில்லை. அழைப்பு வந்து சேரும் இடத்துக்கே அவரைக் கொண்டுவந்தது.

மூன்றாவது பெண் நம்முடைய கொழும்பைச் சேர்ந்தவர். டாக்டர் மேரி இரத்தினம். கனடாவில் 1873இல் பிறந்து, 1896இல் மிஷன் மருத்துவராக இலங்கை வந்தவர். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணக்கத் தீர்மானித்திருந்தார். அனுப்பிய மிஷன் அதை ஏற்கவில்லை. அவர்களோடு இருந்த ஊழியம் அத்தோடு முடிந்தது. அனுப்பியவர்களே கதவைச் சாத்தினால் அழைப்பும் முடிந்துவிட்டதா? அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கொழும்பில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர்களில் ஒருவரானார். 1930இல் கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிள சமித்தியைத் தொடங்கினார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. ஸ்தாபனத்தின் கடிதம் ஒன்று, ஆண்டவரின் அழைப்பு வேறொன்று என்பதை அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லுகிறது.

ஒருவர் காத்திருந்தார், ஒருவர் விருப்பமில்லாமல் இருந்தார், ஒருவரை வெளியே விட்டார்கள். ஒரே அச்சில் வார்த்த அழைப்பு ஒன்றும் இல்லை. அப்படியானால் அழைப்பை எப்படி இனங்காண்பது?

இதற்கு நாம் சின்ன வயதில் படித்த சாமுவேலின் கதைக்குத் திரும்புவோம். சீலோவின் ஆலயத்தில் படுத்திருந்த பிள்ளையைக் கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பிள்ளை எழும்பி ஏலியிடம் ஓடுகிறது. ஒரு முறை அல்ல, மூன்று முறை. கூப்பிட்டது யார் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. அதற்காகக் கர்த்தர் கோபிக்கவும் இல்லை, கூப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. முதல் தரம் விளங்காமல் போனால் எல்லாம் போயிற்று என்று பயப்படுகிறவர்களுக்கு இது ஆறுதல். தவறவிட்டால் மறுபடியும் கூப்பிடுகிறவர் அவர்.

அந்தக் கதையில் ஏலியையும் பாருங்கள். கண்பார்வை மங்கிய முதியவர். ஆனாலும் கூப்பிடுகிறவர் யார் என்று கண்டுகொண்டது அவர்தான். போய்ப் படு, இனிக் கூப்பிட்டால் கேட்கிறேன் என்று சொல் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த இரவு சாமுவேலுக்குச் சொல்லப்பட்ட செய்தி ஏலியின் வீட்டுக்கே விரோதமானது. விடிந்ததும் அதை மறைக்காமல் சொல் என்று கேட்டவரும் ஏலிதான். தனக்கு நட்டம் வந்தாலும் பிள்ளையை ஆண்டவருக்குச் செவிகொடுக்க விட்டார்.

சகோதரிகளே, இங்கே ஒரு அளவுகோல் இருக்கிறது. நம் சமூகத்தில் பெண் பிள்ளைக்கு, "இதுதான் உனக்குத் தேவசித்தம்" என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு அதனால் என்ன இலாபம் என்றும் பார்க்கவேண்டும். ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்க, மகள் ஒருத்தியின் தோளில் மட்டும் முழுப் பாரத்தையும் வைத்துவிட்டு, "உன்ர ஊழியம் இதுதான் பிள்ளை" என்று சொல்வது எளிது. அது கர்த்தருடைய குரலா, நம்முடைய வசதியின் குரலா? அன்போடு செய்த பணிவிடை பரிசுத்தமானது, அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அது பரிசுத்தமானது என்பதற்காக மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க உரிமை இல்லை.

இதைச் சொல்லும்போது எங்கள் விரல் எங்களையே காட்டுகிறது. அதையும் சொல்லவேண்டும்.

எங்கள் தோழியின் தாயார் படுக்கையில் இருந்த கடைசி வருடம். அவளுக்குக் கண்ணில் ஒரு கோளாறு. கிளினிக்குக்குப் போகவேண்டும், காலையில் போனால் பின்னேரம்தான் திரும்பலாம். அம்மாவைத் தனியே விட முடியாது. ஒரே கிழமையில் எங்களில் மூன்று பேருக்குப் போன் எடுத்தாள். "ஒரு நாளைக்கு மட்டும் வந்து அம்மாவோட இருப்பியா?" என்பதுதான் கேள்வி. ஒருவருக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிவரும் முறை. ஒருவர் வெள்ளவத்தையிலிருந்து தெமட்டகொடைக்கு அந்த வாகன நெரிசலில் வருவது கஷ்டம் என்றார். மூன்றாமவருக்கு அன்று மாதர் சங்கக் கூட்டம், அவர்தான் தியானம் நடத்தவேண்டும். மூன்று பேரும், "உனக்காக ஜெபிக்கிறம்" என்று சொல்லி ரிசீவரை வைத்தோம். ஜெபித்தும் இருப்போம். அவள் கிளினிக்குக்குப் போனது தாயார் காலமான பிறகு. இன்று அவளுக்கு ஒரு கண்ணில் பார்வை பெரிதும் மங்கிவிட்டது. முந்தியே போயிருந்தால் என்று நாங்கள் நினைக்கிறோம். அவள் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மூன்று தரம் மணி அடித்தது. நாங்கள் கேட்டோம், ஆனால் யார் கூப்பிடுகிறார் என்று அறியவில்லை. தோழி கூப்பிடுகிறாள் என்று மட்டும் நினைத்தோம். புகையிரதச் சத்தத்துக்குப் பழகிய காது போல, பழகிய குரலுக்கும் எங்கள் காது பழகிவிட்டிருந்தது. அழைப்பைத் தவறவிட்டது அவள் அல்ல, நாங்கள்தான். இதை அவளிடமே போய்ச் சொன்னோம். "சரி விடுங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள்.

எங்களுக்கு விளங்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தேவ அழைப்பு பெரும்பாலும் ஒரு தேவையின் முகத்தோடு வருகிறது. அது நம்மைப் பெரியவர்களாகக் காட்டுவதை விட இன்னொருவரை உயிர்ப்பிப்பதைத் தேடுகிறது. அதற்குக் கீழ்ப்படியும்போது களைப்பு வரலாம், கண்ணீர் வரலாம், ஆனால் ஆழத்தில் ஒரு சமாதானம் நிற்கும். பயமுறுத்தியும் வெட்கப்படுத்தியும் நம்மை ஓட்டுகிற குரலில் அந்தச் சமாதானம் இராது. நமக்கு விளங்காதபோது ஏலியைப் போல, தன் இலாபத்தைப் பாராத ஒருவரிடம் போய்க் கேட்கலாம். வாசல் ஒன்று சாத்தப்பட்டால் அடுத்த வாசலைத் தேடலாம். காத்திருக்க வேண்டி வந்தால், காத்திருக்கும் இடத்தில் செய்வதையும் அவர் கணக்கில் வைக்கிறார்.

இன்று படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் ஆகுங்கள், கணக்காளர் ஆகுங்கள், வானூர்தியும் ஓட்டுங்கள். அதிலெல்லாம் அழைப்பு உண்டு. மேரி இரத்தினம் மாநகரசபைக்குப் போனதும் ஊழியம்தான். வீட்டில் இருக்கத்தான் பெண்ணுக்கு அழைப்பு என்று யாரும் எங்கள் பேச்சைக் காட்டிச் சொல்லாதிருக்கட்டும். உங்கள் தாயைப் பார்க்கும் பொறுப்பில் உங்கள் அண்ணன் தம்பிக்கும் பங்கு உண்டு என்று இப்போதே வீட்டில் சொல்லுங்கள்.

தூர தேசங்களில் இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் படிவம் அனுப்பாதவர் யார் என்று பாருங்கள். அந்தப் பெயரை முதலில் தேடிப் போன் எடுங்கள். நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. ஒரு மணித்தியாலமும் அனுப்புங்கள்.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். கிளினிக் நாளில் கொழும்பில் இருப்பவர்களில் ஒருவர் அவளோடு போகிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கிழமைக்கொருவராகப் பேசுகிறார்கள். பிந்திப்போன மறுமொழிதான். ஆனாலும் மறுமொழி. இதற்கிடையில் அவள் எங்களுக்குத் தெரியாமல் இன்னொரு வேலை தொடங்கியிருக்கிறாள். தன் ஒழுங்கையில் படுக்கையில் இருக்கும் இரண்டு முதியவர்களுக்குக் காலையில் போய் முகம் கழுவித் தலைவாரி விடுகிறாள். படுக்கைப்புண் வராமல் எப்படிப் படுக்கவைப்பது என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்கிறாள். பன்னிரண்டு வயதில் கேட்ட குரல் எங்கே போயிற்று என்று அவள் இன்னும் கேட்டால், அந்த வீடுகளில் போய்ப் பார்க்கச் சொல்லுவோம்.

கடைசியில் படிவமும் தந்துவிட்டாள். உத்தியோகம் என்ற இடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாதி எண்டு எழுதுங்கோவன்" என்றாள். மலரில் அப்படியே அச்சிட்டிருக்கிறோம்.

நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆண்டவர், கேட்கிற காதையும் எழும்புகிற காலையும் நமக்குத் தருவாராக. நூறு வருடம் இந்தச் சங்கத்தை நடத்தியவர் இனியும் நடத்துவாராக. ஆமென்.